அம்மாவின் பெயர் இல்லாமல் ஒரு விண்ணப்பம்

அன்புள்ள அப்பு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு உன் அப்பாவுடன் ஜீப்பில் ஏறிப் பூப்பாறைக்குக் கிளம்பியதை வாசலில் நின்று பார்த்தவள்தான் நான். லோடு இறக்கிவிட்டு, போடிமெட்டில் டீ குடித்துவிட்டு, வளைவுகளில் இறங்கி வீடு வந்து சேர உங்களுக்கு எப்படியும் பிற்பகல் ஆகிவிடும். அதற்குள் இதை எழுதி உன் லேப்டாப்பின் மேல் வைத்துவிடப் பார்க்கிறேன். நேரில் சொன்னால் பாதியில் நீ எழுந்து போய்விடுவாய், மீதியை நான் சுவரிடம்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி வேலைக்கு நீ அனுப்பிய விண்ணப்பத்தை வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தது நான்தான்.

நேற்று சனிக்கிழமை காலையில், மெயிலில் வந்திருந்த விண்ணப்பங்களை எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளிக்குக் காகிதத்தில் படித்தால்தான் படித்த மாதிரி இருக்கும். கூப்பிட வேண்டியவை ஒரு பக்கம், கூப்பிட வேண்டாதவை ஒரு பக்கம் என்று முதலில் பிரித்துக் கொடுப்பது என் வேலை. ஏலக்காய் ஏற்றுமதிக் கம்பெனியில் காய் பொறுக்குகிறவளாகச் சேர்ந்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவள் ஆயிற்றே, எதைக் கையில் கொடுத்தாலும் தரம் பிரிக்கத்தான் தோன்றும். அப்படிப் பிரித்துக்கொண்டிருக்கும்போது உன் பெயர் வந்தது. விண்ணப்பித்ததாக நீ என்னிடம் சொல்லவே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். பிறகு எடுத்து வேண்டாத பக்கத்தில் வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், சாப்பிடும்போது நீயாகவே பேச்சை எடுத்தாய். "ம்மா, ஒங்க கம்பெனிக்குப் போட்ருக்கேன். மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு." நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தேன். உன் அப்பா விடவில்லை. "ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குற? மலை ரோட்டுல எதுக்க லாரி வந்தா நான் ஒதுங்கி வழி விடுறேன்ல, நாளைக்கு எனக்கு அவன் விடுவான். பெத்த புள்ளைக்கு ஒரு வார்த்த சொன்னா ஒனக்கு என்ன கொறஞ்சு போயிரும்?" என்றார். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். நான் ஏதோ வேண்டா வெறுப்பாக இருக்கிறேன் என்று நீங்கள் இருவரும் நினைத்திருப்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். இந்த வேலை உனக்குக் கிடைக்க வேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை அதிகம். சென்னையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியதிலிருந்து நீ சுருங்கிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தெருவில் யாராவது "என்ன மாப்ளே, இப்ப என்ன சோலி பாக்குற?" என்று கேட்டுவிடுவார்களோ என்று, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கிறாய். பகலில் படுத்துத் தூங்குகிறாய். உன் அத்தை பெண் பார்க்கும் பேச்சை எடுத்தால் மாடிக்கு ஓடிவிடுகிறாய். ஆனாலும் நான் போய் ஒரு வார்த்தை சொல்லி அந்த நாற்காலியில் உன்னை உட்கார வைக்க மாட்டேன். உன் அப்பா எத்தனை லாரிக் கதை சொன்னாலும் மாட்டேன்.

ஏன் என்று கேட்பாய். எங்கள் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவரை உனக்குத் தெரியும், தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். யாரோ பெரிய மனிதர் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவர். வந்த புதிதில் ஒரு பில்லில் தப்பு விட்டபோது, "இன்னார் ஆளு, அப்பிடித்தான் இருப்பாரு" என்றார்கள். இன்றைக்கு அவர் கணக்கில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. போன வருஷம் சம்பளம் கூட்டியபோதும் அதையேதான் சொன்னார்கள். "இன்னார் ஆளு, கூட்டாம என்ன செய்வாக?" தலை நரைத்த பிறகும் அந்த மனிதருக்கு அந்தப் பட்டம் போகவில்லை. என் பிள்ளையை நான் இருக்கிற இடத்திலேயே, என் கண் முன்னாலேயே, அப்படி ஒருவர் சொல்லிக் கேட்க என்னால் ஆகாது.

இப்போது உன் கடிதத்துக்கு வருவோம். அதன் முதல் வரி என்ன தெரியுமா? நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. உன் பெயர் இல்லை, நீ கேட்கிற வேலையின் பெயர் இல்லை. 'தங்களின் மேலான நிறுவனத்தில் என் தாயார் பல்லாண்டுகளாகப் பணியாற்றி வருகிறார்' என்று இங்கிலீஷில் ஆரம்பித்திருக்கிறாய். நான் இன்னார் மகன் என்று சொல்லித்தான் நம் ஊரில் எல்லாக் கதவையும் தட்டுகிறோம், அந்தப் பழக்கம் உன்னையும் விடவில்லை. உன்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நானும் என் முதல் வேலைக்கு அப்படித்தான் போனேன்.

ராசிங்காபுரத்திலிருந்து கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிது. சீசனில் காய் எடுக்க மலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். விடிவதற்குள் ஜீப் ஸ்டாண்டில் போய் நின்றேன். ஆள் சேர்க்கிற கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரு வீட்டு ஆளுத்தா நீ?" என்றார். மாமியார் பெயரைச் சொன்னேன். அவர் எஸ்டேட்டில் நல்ல பெயர் எடுத்தவர். "அவுக மருமகளா? ஏறு ஏறு, வெரசா ஏறு" என்று முன்னால் நின்ற பெண்ணை நகர்த்திவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். மகாராணி மாதிரி உட்கார்ந்து போனேன். மேலே போனால் சாரல், வழுக்கல், செடிக்கு அடியில் குனிந்தே நிற்க வேண்டும். விளைந்த காயை மட்டும் எடுத்துவிட்டுப் பிஞ்சைச் செடியிலேயே விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வயற்காட்டில் வளர்ந்தவள், கடலைச் செடியைப் பிடுங்குகிற மாதிரி கைக்கு வந்ததை எல்லாம் உருவிப் பையை நிரப்பினேன். மத்தியானம் கங்காணி என் பையில் கையை விட்டுப் பார்த்தார். "மதி ஆத்தா, மதி" என்றார். மலைப்பக்கம் போதும் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். "ஒம் மாமியா பேரு ஒன்னைய ஜீப்புல ஏத்தும். காயப் பறிக்காது. அதுக்கு ஒங் கையி வேணும்."

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள், அது பெரிதாகப் படவில்லை. மாமியாரின் பெயரை ஒரே நாளில் கெடுத்துவிட்டேனே என்பதுதான் உறுத்தியது. மறுநாளும் போனேன். பக்கத்தில் இருந்தவளின் விரல்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்த சீசன் முடிவதற்குள் கங்காணி என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அந்த சந்தோஷத்தை நான் இன்னொருவரிடம் கேட்டு வாங்கியிருக்க முடியாது. உனக்கும் அது வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

அடுத்தது உன் இரண்டாவது பத்தி. 'என் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு' என்று தொடங்கி, 'என் தந்தை சர்க்கரை நோயாளி' என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உன் அப்பா இன்றைக்கும் கேசரிக்கு மறுதரம் கேட்கிற ஆள். அவருடைய சர்க்கரையைப் பற்றி என் முதலாளிக்கு எதற்குத் தெரிய வேண்டும்? உன் அப்பா காதில் விழுந்தால், "எஞ் சக்கரைக்கு எதுக்குடா அவுக சம்பளம் தரணும்?" என்பார், அதில் நியாயம் இருக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, டீசி வாங்க, பட்டா மாற்ற என்று நாம் மனு எழுதி எழுதி, காகிதத்தைத் தொட்டாலே கை தானாகத் 'தாழ்மையுடன்' என்று போகிறது. உன் காலேஜ் ஃபீசுக்கு அவகாசம் கேட்டு நான் எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நீ. அங்கே அது சரி. இது மனு கிடையாது. எங்கள் கம்பெனிக்கு ஒரு ஆள் இல்லாமல் வேலை நின்றுபோயிருக்கிறது. அந்த வேலையை என்னால் செய்ய முடியும், இதோ செய்திருக்கிறேன் என்று நீ சொல்ல வேண்டிய இடம் இது. நிமிர்ந்து உட்கார்ந்து எழுது.

மூன்றாவது பத்தி நீ எழுதியதே இல்லை, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. 'சவால்களை விரும்புபவன், தலைமைப் பண்பு மிக்கவன்.' பல்லி விழுந்தால் கட்டிலில் ஏறி நின்றுகொண்டு "ம்மா, வெளக்கமாறக் கொண்டா" என்று கத்துகிறவன் நீ. இதே வரிகளை வருஷா வருஷம் படித்துப் படித்து எனக்கு மனப்பாடம். யாருக்கும் பொருந்துகிற சட்டை யாருக்கும் அழகாக இருக்காது. அதைவிட மோசம் உன் கடைசி வரி. 'வாய்ப்பளித்தால் தங்கள் மருத்துவமனையின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்' என்று எழுதியிருக்கிறாய். மருத்துவமனை. போன மாதம் தேனியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதில் முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே எங்களுக்கும் தள்ளிவிட்டிருக்கிறாய். கல்யாணப் பத்திரிகையில் வேறு பெண்ணின் பெயரை அச்சடித்துக் கொண்டுவந்தால் பெண் வீட்டார் பந்தி போடுவார்களா? படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு தாயாக இருந்து சிரிக்கிறோமே என்று வருத்தமாகிவிட்டது.

இதெல்லாம் திருத்தக்கூடிய கோளாறு. இவ்வளவுதான் என்றால் நான் உன்னை அழைத்து உட்கார வைத்துத் திட்டியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். ஒதுக்கி வைத்ததற்குக் காரணம் வேறு. சென்னையில் நீ இருந்த கூரியர் கம்பெனியில் 'இன்று வரை பணியாற்றி வருகிறேன்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அதுதான். நீ அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். காலையில் உன்னை எழுப்பிக் காப்பி கொடுப்பவளுக்கே அந்த வரி வந்து சேர்ந்தது உன் கெட்ட நேரம். தெரிந்துகொண்டே நான் அதைக் கூப்பிட வேண்டிய பக்கம் வைத்தால், அந்தப் பொய்யில் பாதி என்னுடையது. என் மகன் என்பதற்காக ஒரு பொய்யைத் தாண்டி நடக்க எனக்குக் கால் வரவில்லை.

முதலாளி ஒருதரம் என்னை ஏலக்காய் ஏலம் விடுகிற இடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே மூட்டைகள் கண்ணில் படாது. ஒவ்வொரு சரக்குக்கும் சின்னப் பையில் கொஞ்சம் காய் வரும், அவ்வளவுதான். வியாபாரிகள் அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார்கள், ஒன்றிரண்டை உரித்து முகர்வார்கள், அதற்குள் விலை கூற வேண்டும். எங்கள் முதலாளி அன்று ஒரு சரக்கை ஆசைப்பட்டு எடுத்தார். பச்சைப் பசேல் என்று இருந்தது. குடோனில் மூட்டையை அவிழ்த்தால் மேலே அதே காய், அடியில் வெடித்ததும் வெளுத்ததுமாக இருந்தது. கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "இனிமே அவுக காயப் பாக்கவே வேணாம்மா" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து நிஜமாகவே நல்ல காய் வந்த வருஷத்திலும் அவர் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. உன் கடிதமும் அந்தச் சின்னப் பைதான் அப்பு. படிக்கிறவருக்கு உன்னைப் பற்றித் தெரிவது அந்த ஒரு பக்கம் மட்டும். மூட்டையில் இருப்பதிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும்.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது எது தெரியுமா? உன் மூட்டையில் நல்ல காய் இருக்கிறது. நீ அதைப் பின்னால் தள்ளி மறைத்துவிட்டு வேறு எதையோ மேலே பரப்பியிருக்கிறாய்.

நீ கூரியர் கம்பெனியில் சேர்ந்த கொஞ்ச நாளில் ஊரடங்கு வந்தது. நம் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பார்சல் வராதவர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை பார்த்தாய். நான் அடுப்படியில் இருப்பேன், நீ பேசுவது கேட்கும். ஒரு நாள் யாரோ ஒரு அம்மா. அவர் வீட்டுக்காரருக்கு வர வேண்டிய மருந்துப் பார்சல் வரவில்லை. அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. நீ இடையில் பேசவே இல்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னாய், "பார்சலு இப்ப எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலம்மா. தெரியாததத் தெரியும்னு சொல்ல மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள விசாரிச்சுட்டு நானே கூப்புடுறேன்." சாயங்காலம் நீ மறக்காமல் கூப்பிட்டாய். "இன்னும் கெடைக்கலம்மா. ஆனா கூப்புடுறேன்னு சொன்னேன்ல, அதான் கூப்புட்டேன்." மறுநாள் பார்சல் எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னபோது, அந்த அம்மா உன்னை என்ன படித்திருக்கிறாய், கல்யாணம் ஆகிவிட்டதா என்றெல்லாம் விசாரித்தது நீ சொன்ன பதிலிலேயே தெரிந்தது. நீ வெட்கப்பட்டுச் சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வேலையை ஏன் விட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். ஊரடங்கு முடிந்து சென்னைக்குத் திரும்பிப் போனவன், பெட்டியோடு வந்த அன்று நீயே சொன்னாய். கிளம்பாத பார்சலைக் கிளம்பிவிட்டது என்று சொல்லச் சொன்னார்கள், உன்னால் முடியவில்லை. "தெனமும் பொய் சொல்ல முடியலம்மா, வந்துட்டேன்" என்றாய். இப்போது யோசித்துப் பார். பொய் சொல்ல முடியாமல் ஒரு வேலையை விட்டவன், அதை மறைப்பதற்காக அடுத்த வேலைக்குப் பொய் எழுதி அனுப்பியிருக்கிறான். உன்னிடம் இருப்பதிலேயே நல்ல விஷயம் எதுவோ, அதைப் போய் அவமானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயே. நான் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

விளம்பரத்தை மறுபடி எடுத்துப் படி. வாங்குகிறவர்களின் புகார்களைக் கவனிக்கிற வேலை என்று போட்டிருக்கிறோம். அதற்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. 'கோபமாக வந்த ஒருவரிடம் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதவும், தமிழிலும் எழுதலாம்.' அது முதலாளியின் மருமகள் சேர்த்த வரி. கொச்சியில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு இப்போதுதான் எங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறார். கேட்ட கேள்விக்கு உன் கடிதத்தில் ஒரு எழுத்துப் பதில் கிடையாது. பதில் மட்டும் இந்த வீட்டுப் பின்னறையில் கிடக்கிறது.

ஆகையால் உட்கார்ந்து முதலிலிருந்து எழுது. பழையதைத் திறந்து திருத்தாதே, புதிதாக எழுது. எந்த வேலைக்கு எழுதுகிறாய், அது உனக்கு ஏன் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடு. அந்த மருந்துப் பார்சல் கதையை நடந்தது நடந்தபடி எழுது, உன்னைப் பெரிய ஆளாகக் காட்ட வேண்டாம், அந்த அம்மாவை ராட்சசியாகவும் காட்ட வேண்டாம். வேலையை விட்டதை ஒரே வாக்கியத்தில் சொல், பழைய கம்பெனியைத் திட்டாதே, இப்போது வேலையில் இல்லை என்பதையும் மறைக்காதே. ஏலக்காய்த் தரம் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. என் சேலையில் வாசனை வரும், அதோடு சரி. தெரியாது, கற்றுக்கொள்வேன் என்று எழுதினால் கௌரவம் குறையாது. தமிழில் யோசித்துத் தமிழிலேயே எழுது, வேண்டுமானால் பிறகு இங்கிலீஷில் ஒரு பிரதி வை. எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படி. எந்த இடத்தில் நீ பேசுகிற மாதிரி இல்லையோ, அங்கே வேறு யாரோ புகுந்துவிட்டார்கள் என்று அர்த்தம், அந்த வரியை எடுத்துவிடு. கம்பெனி பெயரை இரண்டு தடவை பார். மெயிலுக்குத் தலைப்புப் போடு. பள்ளிக்கூடத்தில் வைத்த அந்த 'சிங்கக்குட்டி' மெயில் ஐடியை இனியாவது விட்டுத் தொலை, அதைப் பார்த்துப் பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

நீ கேட்பதற்கு முன்பே, நேற்று மத்தியானமே, நான் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். நீ நினைத்த வார்த்தை இல்லை. "மொதலாளி, எம் மகனும் போட்ருக்கான். அவன் எழுதுனதுல உண்மை இல்லாத ஒரு வரி இருக்கு, நான் எடுத்து ஒதுக்கிட்டேன். இனிமே இந்தப் பிரிக்கிற வேலைய நான் பாக்கக் கூடாது" என்றேன். அவர் சிரித்தார். "பெரிய வார்த்தையெல்லாம் பேசாதம்மா. நம்ம பையன். திங்கக்கெழம வரச் சொல்லு, பாத்துக்கிடலாம்." அப்பு, அந்த ஒரு நிமிஷம் எனக்கு நாக்கு புரளப் பார்த்தது. சரி என்று தலையாட்டினால் போதும், இன்று நீ இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, நாளைக்குச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ்சில் ஏறியிருப்பாய். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க இப்பிடிச் சொல்லிருவீகன்னுதான் மொதலாளி வந்தேன். சொல்லாதீக" என்றேன். அவர் "ஒம் புடிவாதம் ஊரறிஞ்சதுதான" என்று சொல்லிவிட்டு மருமகளைக் கூப்பிட்டு எல்லாக் காகிதத்தையும் அவர் கையில் கொடுத்தார். நான் ஒதுக்கியவற்றையும் சேர்த்து முதலிலிருந்து மருமகளே படிக்கப்போகிறார். உன் பழைய கடிதம் மட்டும் அதில் இல்லை, நான் எடுத்துவிட்டேன், முதலாளியும் சரி என்றார். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் புதியது போகாவிட்டால் நீ விண்ணப்பிக்கவே இல்லை என்றுதான் கணக்கு.

உனக்கு மட்டும் இரண்டாவது வாய்ப்பு என்றால் அதுவும் ஒரு சிபாரிசுதானே என்று நீ கேட்கலாம். கேட்டால் சந்தோஷப்படுவேன். முதலாளியிடம் அனுமதி வாங்கி, ஒதுக்கி வைத்த எல்லோருக்குமே ஒரு மெயில் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். விளம்பரத்தில் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள், உண்மையை எழுதுங்கள், குடும்பக் கஷ்டம் வேண்டாம், கம்பெனி பெயரைச் சரிபாருங்கள், புதன் வரை மறுபடி அனுப்பலாம் என்று. இதில் இருக்கிற அதே விஷயம்தான், திட்டு மட்டும் உனக்குக் கூடுதல். உனக்கும் அந்த மெயில் வந்திருக்கிறது, நீதான் திறந்து பார்ப்பதில்லை. இந்தக் கடிதத்தையும் ஒளித்து வைக்காதே, வேலை தேடுகிற உன் கூட்டாளிகளுக்குக் கொடு, அதற்காகத்தான் வீட்டில் கூப்பிடுகிற அப்புவைத் தவிர உன் சொந்தப் பெயரை இதில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மருமகளுக்கு நீ யார் மகன் என்று தெரியாது. சொல்லக் கூடாது என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். உன் அப்பாவிடமும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன், முதலாளிக்குப் போன் போட்டால் ஒரு வாரத்துக்குச் சோறு அவரேதான் பொங்கிக்கொள்ள வேண்டும். வேலை கிடைக்காமலும் போகலாம். உன்னைவிடப் பொருத்தமான ஆள் அந்தக் காகிதங்களில் இருந்தால் அவருக்குத்தான் கிடைக்க வேண்டும். அப்போதும் நான் இதே வீட்டில்தான் இருப்பேன், அடுத்த விண்ணப்பத்துக்கும் காப்பி போட்டுத் தருவேன். உண்மையாக எழுதிய கடிதம் வீணாகாது, அடுத்த இடத்துக்கும் கம்பெனி பெயரை மாற்றி அனுப்பலாம், மறக்காமல் மாற்றினால்.

கடைசியாக ஒன்று. எழுதி முடித்ததும் வழக்கம்போல, "ம்மா, ஒருவாட்டி பாத்துச் சொல்லேன்" என்று என்னிடம் நீட்டாதே. ஒன்றாம் வகுப்புச் சிலேட்டிலிருந்து நீ எழுதிய எல்லாவற்றையும் முதலில் படித்தவள் நான். இதைப் படிக்க மாட்டேன். வீட்டிலும் மாட்டேன், ஆபீசிலும் அந்தப் பக்கம் போக மாட்டேன். ஊர்பேர் தெரியாதவர்களின் கடிதங்களை எல்லாம் இத்தனை வருஷம் படித்துவிட்டு, என் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து எழுதப்போகும் ஒரே ஒரு நல்ல கடிதத்தை மட்டும் நான் பார்க்கப் போவதில்லை. கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். ஜீப் சத்தம் கேட்கிறது, சோறு எடுத்து வைக்கப் போகிறேன். சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்.

இப்படிக்கு,
உன் விண்ணப்பத்தில் எங்கேயும் வரக் கூடாத,
உன் அம்மா.